பைய விடுங்க

காலை பத்து ஐந்து. நாங்கள் புறப்பட்டு வந்த மலேசியாவின் லங்காவியில் அப்போது பதினொன்று ஐந்து. முதலில் கண்ணில் பட்டது, கடற்கரை மணலில் போட்டிருந்த ஒரு மர மேசை. அதன் பின்னால் தாய்லாந்துக் குடியேற்றத் துறையின் சீருடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அடியில் அவருடைய வெறுங்கால்கள் தெரிந்தன.

அந்தத் தீவில் நாங்கள் இறங்கிய பக்கம் படகுத்துறை இல்லை. பெரிய படகு தள்ளியே நின்றுகொண்டது. அங்கிருந்து நீளமான ஒரு மரப்படகில் மாற்றி ஏற்றி, கரைக்குச் சற்று முன்னால் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுகளை ஊழியர்கள் முன்பே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பைகள் மட்டும் எங்கள் பொறுப்பு.

நாங்கள் மூன்று பேர். நான் பாளையங்கோட்டைக்காரன். செய்தித்தாளில் இருபத்திரண்டு ஆண்டுகள் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திவிட்டு, அந்த ஆண்டுதான் வேலையை விட்டிருந்தேன். இரண்டாவது ஆள் என் கல்லூரித் தோழன், முக்கூடல்காரன், வேதியியல் ஆசிரியன். வளைகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தான். அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். பதினொரு மாதமாக வேலை இல்லை. முக்கூடலில் கேட்டவர்களிடமெல்லாம் விடுப்பில் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பினாங்கில் ஒரு தனியார் பள்ளி அவனை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. முதுகுப்பையோடு தீவு தீவாகச் சுற்ற வேண்டும் என்று கல்லூரி விடுதியில் பேசியதை அந்த அழைப்பை வைத்து நடத்திவிடலாம் என்று கிளம்பினோம்.

மூன்றாவது ஆள் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என்னுடைய முந்தைய பயணம் ஒன்றில், மலாக்காவில் ஒரு விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். நாங்கள் வருவது தெரிந்ததும் பினாங்கு வந்து சேர்ந்துகொண்டார். முதல் நாளே முக்கூடல்காரன் அவரை அண்ணாச்சி என்றான்.

"என்னைப் பாத்தா மளிகைக் கடைக்காரர் மாதிரியா இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"எங்க ஊர்ல கலெக்டர் வந்தாலும் அண்ணாச்சிதான்."

"சரி லா" என்று சிங்கப்பூர்ப் பேச்சில் ஒத்துக்கொண்டார்.

"லா இல்ல அண்ணாச்சி, லே. ஆனா ஒங்கள அப்படிச் சொல்லப்படாது."

நேர்காணல் திங்கட்கிழமை. நடுவே மூன்று நாட்கள் இருந்தன. பெரிய சாமான்களைப் பினாங்கு விடுதியில் போட்டுவிட்டு, பேருந்தும் படகுமாக லங்காவி போய், அங்கிருந்து இந்தத் தீவுக்கு வந்தோம். கிளம்பும்போது அவன் முதுகுப்பையில் சான்றிதழ் ஃபைல் இருப்பதைப் பார்த்தேன்.

"ஏலே, அத விடுதியிலயே வச்சிட்டு வாலே. கடலுக்குப் போறோம்."

"ஒரிஜினல்லே. எவன நம்பி வைக்கச் சொல்லுத?"

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் வாதம் கிடையாது. ஒரிஜினல் என்பது கண்பார்வையில் இருக்க வேண்டிய பொருள். பள்ளிக்கூடமும் மின்னஞ்சலில் அசல்களைக் காட்ட வேண்டும் என்றே எழுதியிருந்தது. அவற்றில் ஒன்றைத் திரும்ப வாங்கவே முடியாது. வளைகுடாப் பள்ளி கொடுத்த அனுபவச் சான்றிதழ் அது. பள்ளியே இல்லாதபோது யாரிடம் கேட்பது?

மரப்படகிலிருந்து அவன்தான் முதலில் குதித்தான். முழங்கால் அளவு என்று நினைத்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. காலுக்குக் கீழே மணல் நழுவியது. சிங்கப்பூர்க்காரர் படகின் முனையில் நின்று அவனுடைய பையை இரண்டு கையாலும் நீட்டினார். இவன் இன்னும் ஊன்றி நிற்கவில்லை.

"பைய விடுங்க அண்ணாச்சி. பைய. பைய விடுங்க!"

இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னான். சிங்கப்பூர்க்காரர் கைகளை விரித்துவிட்டார்.

பை தண்ணீரில் விழுந்து படகுக்கு அடியில் போனது. பின்னாலேயே அவனும் போனான். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அரை நிமிடம் இருக்கலாம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். வாயிலும் மூக்கிலும் தண்ணீர்.

"பைய விடுங்கன்னுதான அண்ணாச்சி சொன்னேன்?"

"அதான் விட்டேனே! பைய விடுங்க, பைய விடுங்கன்னு நீங்கதானே கத்துனீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நானும் தண்ணீரில் இறங்கி நின்றபடி இருவருக்கும் விளக்க வேண்டியதாயிற்று. எங்களுக்குப் பைய என்றால் மெதுவாக. அவருக்கு அது பையை என்பதன் பேச்சு வடிவம். எழுதினால் கடைசியில் ஓர் ஐகாரம் வித்தியாசம் காட்டும். பேச்சில் அது இல்லை. பிழை திருத்தியே பிழைத்தவன் நான். இரண்டு பேர் சொன்னதிலும் எனக்குத் திருத்த ஒன்றும் அகப்படவில்லை.

"மெதுவான்னு சொல்லியிருக்கலாம் லா" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

"முங்கப் போறவனுக்கு அகராதியா ஞாபகம் வரும்?"

கரையேறி, ஃபைலைக் குடியேற்ற அதிகாரியின் மேசையிலேயே விரித்தான். மணல் ஒட்டாத வேறு இடம் பக்கத்தில் இல்லை. அதிகாரிக்கு எங்கள் மொழி தெரியாது. தாள்களைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். காற்றில் பறக்காமல் இருக்கத் தன் ஸ்டேப்ளரை ஒன்றின் மேலும் மைப்பெட்டியை இன்னொன்றின் மேலும் வைத்தார். பிறகு எங்கள் பாஸ்போர்ட்டுகளில் முத்திரை குத்த மைப்பெட்டி தேவைப்பட்டபோது, தாளைத் தன் கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் குத்தினார்.

மதிப்பெண் பட்டியல்களை எப்போதோ லேமினேட் செய்திருந்தான். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டச் சான்றிதழ் நெளிந்திருந்தது, எழுத்து நின்றது. அனுபவச் சான்றிதழ் அச்சுப்பொறி மையில் அடித்தது. வரிகள் ஊதாவாகக் கரைந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. கையெழுத்தும் முத்திரையும் இருந்த இடத்தில் ஒரு நீலத் திட்டு மட்டும் இருந்தது.

தீவில் இரண்டு நாட்கள் இருந்தோம். யாரும் குளிக்கக்கூடக் கடலில் இறங்கவில்லை. சிங்கப்பூர்க்காரர் கடை கடையாக அலைந்து, கடைசியில் விடுதிக்கார அம்மாளிடமே முடி உலர்த்தும் கருவியை இரவல் வாங்கி வந்தார். பணிமனையில் உதிரிபாகம் பார்ப்பவரைப் போலக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சூடான காற்றைத் தாளின் ஓரத்திலிருந்து காட்டினார்.

"பைய, அண்ணாச்சி" என்றான் இவன்.

அவர் கை நின்றது. "மெதுவா?"

"மெதுவா."

அப்போதுதான் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் தாள் அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் படகில் சிங்கப்பூர்க்காரர், "நான் ஸ்கூலுக்கு வந்து சொல்றேன், தப்பு என்னுதுன்னு" என்றார்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி ஆள் சேத்துக்கிட்டா போவாவ? சும்மா வாங்க அண்ணாச்சி." சொல்லிவிட்டு அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவன் உள்ளே போனான். நாங்கள் எதிரே இருந்த தேநீர்க் கடையில் காத்திருந்தோம். சிங்கப்பூர்க்காரர் தேநீர் வாங்கினார், குடிக்கவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து அவன் வந்தான். ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்களாம். அது நன்றாகவே போனது. பிறகு அலுவலகத்தில் ஒரு பெண் அசல்களைச் சரிபார்த்தார். அனுபவச் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நனைவதற்கு முன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த அதன் படத்தை இவன் காட்டினான். வளைகுடாப் பள்ளியின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். அது இயங்காது என்று தெரிந்தே கொடுத்தான். அவர் படிவத்தில் ஏதோ எழுதினார்.

"என்ன எழுதினாங்க?" என்று சிங்கப்பூர்க்காரர் கேட்டார்.

"தலைகீழாத் தெரிஞ்சிது அண்ணாச்சி. வாசிக்க முடியல."

இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொன்னான்.

பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அப்போது அவன் முக்கூடலில் இருந்தான். இரண்டு வரிக் கடிதம். வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. சிங்கப்பூர்க்காரர் என்னை அழைத்து, அந்தத் தாளால்தானா என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. ஆறுதலுக்காகவாவது வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. அவன் தானே அவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினானாம். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

விடுப்பில் வந்திருக்கிறேன் என்று சொல்வதை அந்த மாதத்தோடு நிறுத்தினான். இப்போது எங்கள் ஊர்ப் பக்கமே, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறான். அங்கே சேரும்போது அனுபவச் சான்றிதழ் கேட்கவில்லை.