பூச்சியம்மாவின் இரண்டு கதவுகள்

கண்ணாடி மண்டபத்தில் பட்டாம்பூச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த முதல் மாதமே அவளுக்குப் பூச்சியம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடமாகிவிட்டது. பெயரும் போகவில்லை, அவளும் போகவில்லை.

மண்டபத்துக்கு இரண்டு கதவுகள், நடுவில் ஒருவர் நின்று திரும்பும் அளவுக்கு ஒரு சிறு அறை. ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவை வேறு தேசத்துப் பூச்சிகள். ஒன்று வெளியே போனாலும் வேலைக்கு உலை. இந்தச் சட்டம் எலும்பு வரை ஊறிப்போய், வீட்டிலும் வாசல் கதவைச் சாத்தாமல் சமையலறைக் கதவைத் திறக்கமாட்டாள்.

“ஏம்மா, நான் என்ன பறந்தா போயிடப் போறேன்?” என்பார் கணவர். முட்டி வலியில் அவர் கட்டிலை விட்டு எழுவதே பெரும்பாடு.

அந்த மண்டபம் குளிருக்குப் பயந்து கட்டியது. பூச்சிகள் விறைத்துப் போகாமல் இருக்கச் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் அத்தனை கண்ணாடி. இப்போதெல்லாம் குளிர்காலம் பேருக்குத் தலைகாட்டிவிட்டு ஓடிவிடுகிறது, வெயில் இரண்டு மாதம் முன்னாலேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. படுபாவிக் கண்ணாடி மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது.

போன வருடம் இரண்டு தடவை உள்ளேயே மயங்கி விழுந்தாள். இடமாற்றம் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்று தடவையும் மேலாளர் பாராட்டினார். “உங்க கைராசி யாருக்கும்மா வரும்? நீங்க போயிட்டா இதுங்க கதி என்ன?” பாராட்டியே ஒரு மனுஷியைப் பூட்டி வைக்கலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, அவர் சொன்னது நிஜம்தான் என்று அவளே நம்பியது.

அன்று பார்வையாளர்களுக்கு விடுமுறை. நடுப்பகலில், மேலேயிருந்து தண்ணீரைத் தூறலாகத் தெளிக்கும் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் நாளைக்குத்தான் வர முடியும் என்றார். அவள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து செடிகளுக்கும் தரைக்கும் ஊற்றினாள்.

பட்டாம்பூச்சிக்குத் தவிப்பு வந்தால் வெளிச்சத்தைப் பார்த்து மேலே போகத்தான் தெரியும். மேலேதான் கண்ணாடி கொதிக்கிறது. ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. நாற்பதைப் பொறுக்கிய பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு மேலாளருக்குப் போன் போட்டாள்.

“சார், கதவத் திறந்து விட்டுடவா? மிச்சமாவது பொழைக்கட்டும்.”

“என்னம்மா பேசுறீங்க? மேல கேட்டா நான்தான் பதில் சொல்லணும். நாளைக்கு வரைக்கும் எப்படியாவது சமாளிங்க.”

நாளைக்கு வரை சமாளிக்க இங்கே எது உயிரோடு இருக்கும்? போனைப் பையில் போட்டாள். உள்கதவைத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். வெளிக்கதவில் கை வைத்தாள். அதையும் திறந்தாள்.

ஈரத்துக்காவது இறங்கி வரட்டும் என்று வாசற்படி வரை ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்தாள். “போங்கடி, போய்த் தொலைங்க!” என்று துண்டை வீசினாள். மேலே ஒட்டியிருந்தவை அசையவில்லை.

வாசற்படியில் ஏதோ மஞ்சளாக உட்கார்ந்தது. வெளித்தோட்டத்துச் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சி. ஒரு காலத்தில் புதருக்கு நூறு பறக்கும். இந்த வருடம் மொட்டு விடும் முன்பே புதரெல்லாம் கருகிவிட்டதால் ஒன்றைக்கூட அவள் பார்த்திருக்கவில்லை. அது ஈரத்தை உறிஞ்சியது. பின்னாலேயே நாலைந்து வந்தன. அப்புறம் ஒரு கூட்டமே வந்தது. தண்ணீர்த் தடத்தைப் பிடித்துக்கொண்டு முதல் கதவைத் தாண்டின, இரண்டாவதையும் தாண்டின, பூச்செடிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தன. பிறகு நேராகக் கூரையைப் பார்த்து ஏறின.

“அடிப் பாவிகளா, இங்கயா வர்றீங்க? வெளிய போங்கடி!” துண்டை வீசி வீசித் தோள் வலித்தது. கதவைச் சாத்தினால் வந்தவையும் மாட்டிக்கொள்ளும், சாத்தாவிட்டால் இன்னும் வரும். நின்ற இடத்திலேயே அழுதாள்.

போன் அடித்தது. மேலாளர்தான்.

“என்னம்மா, நீங்க பாட்டுக்கு எதையும் செஞ்சு வைக்கலையே? ஒண்ணும் வெளிய போகலையே?”

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“ஒண்ணுகூடப் போகல, சார்.”