கேமராவில் அப்பா தெரியவில்லை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. தருமபுரியில் டிராக்டர் விற்கும் கடை ஒன்றில் நான் பில் போடுகிறேன். அங்கே எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சாஃப்ட்வேர். அது நின்றுபோனால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன், ஓடும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று அம்மாவிடம் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் "எங்க பாப்பாவக் கூப்புடுங்க, அது கம்ப்யூட்டர்ல இருக்குது" என்பாள். ஆகவே அப்பா லாரி ஓட்டுவதை ஊருக்கெல்லாம் லைவில் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதும் சரியில்லை. நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அப்பா லாரி டிரைவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதான் தொழில். சர்க்கரை வந்தது, வலது காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை, பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். வலது கால் போனால் டிரைவருக்கு ஆக்சிலேட்டரும் போச்சு, பிரேக்கும் போச்சு. அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் பைபாஸில் போகிற வண்டியெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா முதலில் செய்த காரியம், தன் சக்கர நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதுதான்.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. இரண்டு பேர் வண்டியும் பல வருஷம் ஒன்றன் பின் ஒன்றாக ஓடியிருக்கின்றன. பார்க்க வந்தவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "லாரி செட்டுல எல்லாரும் உன்ன முடிஞ்சுபோச்சுன்னு பேசிக்கறானுங்கடா" என்று சொல்லிவிட்டார். ஆத்திரத்தில் சொன்னதுதான், கண் கலங்கித்தான் சொன்னார். ஆனால் அப்பா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு கூட்டாளியின் போனை அவர் எடுக்கவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து அவரும் விட்டுவிட்டார். அப்பா சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார். மனிதர் எங்கள் கண் முன்னால் உட்கார்ந்தபடியே போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

லாரி ஓட்டுகிற வீடியோ கேம் ஒன்று இருப்பது எனக்குக் கடையில்தான் தெரிந்தது. மெக்கானிக் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவன் வீட்டில் ஒரு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து விளையாடுகிறான், அதை ஊரெல்லாம் பார்க்கிறது. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் முழுக்கப் புரியவில்லை. ஆனால் அந்த ஸ்டியரிங்கைப் பார்த்ததும் மனசு அப்பாவிடம் ஓடிவிட்டது. ஓசூரில் ஒருவர் விற்ற பழைய கம்ப்யூட்டரும் கேம் ஸ்டியரிங்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அப்பா முதலில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்ம வண்டி" என்றார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வரும்போது ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் கைக்கே வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். எப்படி மாற்றினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எதையெதையோ அமுக்கினேன், மாறியது. கேமில் இருந்ததோ வெளிநாட்டு ரோடு. "என்னா பாப்பா, எதுக்க வர்றவன் பூரா ராங் சைடுல வர்றான்?" என்று அப்பா கத்தினார். இடது பக்கம் ஓட்டுகிற ஊர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அது எந்த ஊரென்று இருவருக்கும் தெரியாது. மலை இருந்தது, மழை பெய்தது, ரோட்டில் ஒரு மாடுகூட இல்லை. அது ஒன்றுதான் அவருக்குக் குறை.

ஒரு வாரத்தில் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார். நான்தான் வாயை விட்டேன், "இதை லைவா போட்டா உங்க செட்டு ஆளுங்க பாப்பாங்க இல்லப்பா" என்று. அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பானுங்களா?"

"லிங்கு அனுப்பினா பாப்பாங்க."

"அப்படின்னா என் மூஞ்சி தெரியணும். இல்லாட்டி எவனோ சின்னப் பையன் ஓட்டறான்னு சொல்லிருவானுங்க."

சரி என்று ஒரு கேமராவும் வாங்கினேன். அவர் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லைவ் என்று டிரைவர்கள் குரூப்பில் அப்பாவே பேசி அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அந்தக் குரூப்பில் அவர் குரல் கேட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் ஒரு மேஜையில் அடுக்கினோம். வண்டியை வெளியே எடுக்கும் நாள் என்பதால் பூஜை போடாமல் அப்பா உட்கார மறுத்தார். அம்மா சந்தனம் குழைத்துக் கொடுத்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஸ்டியரிங் நடுவில், மானிட்டரின் நான்கு மூலையில், பெட்டியில், மைக்கில், கீபோர்டில் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தார். சக்கர நாற்காலியின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, என்னைத் தள்ளச் சொல்லி, அதை நசுக்கினார். "என்னாங்க இது, வூடு பூரா சாறு" என்று அம்மா துணியோடு வந்தாள்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது என் கஷ்டம்.

லைவ் போடுவதற்கென்று ஒரு சாஃப்ட்வேர். அதைத் திறந்தால் கறுப்பாக ஒரு சதுரம், கீழே ஏகப்பட்ட பெட்டிகள். ஒன்றில் காட்சி, ஒன்றில் மூலம் என்று இருந்தது. எதற்கு எது மூலம் என்று புரியவில்லை. கேமைக் காட்டு என்றால் கறுப்பைக் காட்டியது. ஸ்கிரீனைக் காட்டு என்றால் ஸ்கிரீனுக்குள் ஸ்கிரீன், அதற்குள் ஸ்கிரீன் என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது, பார்த்து எனக்குத் தலை சுற்றியது. மைக்கைப் போட்டால் நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது. யாரோ ஒருவர் இதையெல்லாம் விளக்கி வைத்த வீடியோவைப் பார்த்தேன். அவர் ஸ்கிரீனில் இருந்த பட்டன் என் ஸ்கிரீனில் இல்லை. மத்தியானம் ஆவதற்குள் கேமும் சத்தமும் எப்படியோ வந்துவிட்டன. நான் செய்ததால் வந்ததா, தானாக வந்ததா என்று சத்தியமாகத் தெரியாது.

கேமரா மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்கிரீன் மூலையில் அதற்கான சின்னப் பெட்டி வந்தது. அதற்குள் முழுக்கக் கருஞ்சிவப்பு. அப்பா அசைந்தால் அந்தச் சிவப்பு கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் கறுத்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். வேறு ஓட்டையில் செருகினேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கேமராவுக்கு டிரைவர் இல்லை என்று ஸ்கிரீனில் எதுவோ வந்தது. "டிரைவர் நான்தான் இருக்கேனே" என்றார் அப்பா. எனக்கு வந்த கோபத்தில் சிரிக்கக்கூட முடியவில்லை. அந்த டிரைவர் என்கிற சாஃப்ட்வேரையும் நெட்டிலிருந்து இறக்கிப் போட்டேன். சிவப்பு அப்படியே இருந்தது. விளக்கைப் போட்டேன், ஜன்னலைத் திறந்தேன், கேமராவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் மாட்டினேன். அதில் ஒரு குறையும் என் கண்ணுக்குப் படவில்லை.

மணி ஐந்தாகிவிட்டது. "மூஞ்சி தெரியுதா?" என்று அப்பா கேட்டார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, அவருக்கென்று இருந்த துண்டைத் தோளில் போட்டிருந்தார். அவரிடம் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கொஞ்ச நேரத்துல வந்துரும்ப்பா. நீங்க வண்டிய எடுங்க."

எடுத்தார். அம்மா என் போனில் லிங்கைத் திறந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பார்க்கிறவர்கள் எழுதுவதைப் படிக்க நான் மேஜை ஓரத்தில் நின்றேன். செட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். ஆள் எங்கே என்று ஒருவர் கேட்டார். இது யாரோ பையன் ஓட்டுவது, பெரியவர் பேரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று இன்னொருவர் எழுதினார். முடியாதவரை வைத்து விளையாடாதீர்கள் என்றும் ஒன்று வந்தது.

"என்னா சொல்றானுங்க?" என்றார் அப்பா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சூப்பர்ங்கறாங்க."

அவர் பயந்தது நடந்துகொண்டிருந்தது, அதை நடத்தி வைத்தவள் நான். அந்தச் சாஃப்ட்வேரை எழுதி வைத்த அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டினேன்.

அப்போது லாரி நின்றது.

மலை ஏறி முடித்து இறக்கம் தொடங்குகிற இடம். வண்டி ஓரத்தில் அசையாமல் நின்றது. ஹேங் ஆகிவிட்டது என்று மவுஸை ஆட்டிப் பார்த்தேன், அம்பு நகர்ந்தது. "இங்க ஓடுதே?" என்று அம்மா போனைக் காட்டினாள். அதில் லாரி ஏறிக்கொண்டிருந்தது. எது நிஜம், எது பின்னால் வருவது என்று எனக்குக் குழம்பிவிட்டது. சற்று நேரத்தில் போனிலும் லாரி நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். கை இரண்டும் மடியில் இருந்தன, கண் மூடியிருந்தது.

"அம்மா, அப்பாவுக்குச் சக்கர எறங்கிருச்சு!" என்று கத்தினேன். அம்மா சமையலறைக்கு ஓடினாள். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். நெட்டு போச்சா, ஆள் ஓடிட்டானா என்று ஸ்கிரீனில் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவற்றுக்கு நடுவில் ஒன்று வந்தது. கூட்டாளியின் பேர்.

'எறக்கத்துக்கு முன்னாடி நிக்கறான் பாருங்கடா. அவன்தான். டேய், தேங்கா ஒடச்சாச்சா?'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே அதைச் சத்தமாகப் படித்தேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். அவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை, ஒன்றுமில்லை. சேலம் போகிற வழியில் தொப்பூர் மலை இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்து, வண்டியில் வைத்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் இருவரும் இறங்குவார்களாம். எங்கள் வீட்டில் தேங்காய் மூடிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெயர் தெரியாத அந்த ஊர் மலையிலும் அவர் நின்று சாமியை நினைத்திருக்கிறார்.

"இன்னும் ஒடைக்கல, இருடான்னு போடு" என்றார்.

பிறகு கையை நீட்டினார். ஸ்டியரிங்குக்கு நீட்டுகிறார் என்று நினைத்தேன். கை மானிட்டருக்கு மேலே போனது. வண்டியின் கண்ணாடிக்கு வைக்கிற பொட்டைக் கேமராவின் கண்ணாடிக்கு வைத்திருந்தார். சரியாக நடுவில், சந்தனம் பூசி, அதன் மேல் குங்குமம். காலையிலிருந்து அந்தக் கேமராவை எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன். பொட்டு வைத்த சாமானைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்குச் சாமான் தெரிகிறது, பொட்டு தெரியமாட்டேன் என்கிறது.

அவர் அந்தப் பொட்டை விரலால் அழுத்தித் துடைத்து எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். ஸ்கிரீன் மூலையில் இருந்த சிவப்பு விலகி, பாதி முகம் வந்தது. வாரின தலை, ஒரு கண், கோணலாக ஒரு குங்குமக் கீற்று. அந்தக் கண் நனைந்திருந்தது. அம்மா சர்க்கரை டப்பாவோடு கதவருகே நின்று போனில் அதைப் பார்த்து, "உங்க அப்பா வந்துட்டாரு" என்றாள்.

நான் நின்ற இடத்திலேயே அழுதேன். ஸ்கிரீனில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள், எனக்குப் படிக்க முடியவில்லை.

அப்பா பிரேக்கை எடுத்தார். வண்டி இறக்கத்தில் மெதுவாக நகர்ந்தபோது மேஜையிலிருந்த அவருடைய போன் அடித்தது. கூட்டாளி. அத்தனை நாளும் அடித்து அடித்து ஓய்ந்துபோன போன். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வண்டி ஓட்டறப்ப எவன்டா போன் பண்றது?" என்று அப்பா அதட்டினார்.

அந்தப் பக்கம் கூட்டாளி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்பா போனை வைக்கச் சொல்லவில்லை.