பெட்ரோல் மூடியில் ஒட்டிய டேப்

எண்களை நான் நம்புவதில்லை. அதிலும் ஒரு மனிதன் தன் காரைப் பற்றிச் சொல்லும் எண்ணை நம்பவே மாட்டேன். லிட்டருக்கு இத்தனை கொடுக்கிறது என்று அவன் சொல்லும்போது கண்ணைப் பார்ப்பேன். கண் சாலைப் பக்கம் போனால் இரண்டைக் கழித்துக்கொள்வேன். சிரித்தால் மூன்று.

இப்படிக் கழித்துக் கழித்தே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு டீக்கடை. காலை ஏழு மணிக்கு மூன்று கார்கள் அங்கே வந்து நிற்கும். ஒன்று என்னுடைய பழைய சின்ன பெட்ரோல் கார். இன்னொன்று டயர் வியாபாரம் செய்யும் அண்ணாச்சியின் பெரிய டீசல் வண்டி. அது வருவது இரண்டு தெருவுக்கு முன்பே தெரியும். மூன்றாவது பாயின் ஹைபிரிட். அது வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரியும். பாய் பதினாறு வருடம் ஷார்ஜாவில் டாக்ஸி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அத்தனை வருடத்தில் ஒரு கீறல் கூட விழவிட்டதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அவர் சொல்லிக்கொண்டதில்லை.

மூன்று பேருக்கும் வேறு பொதுவான விஷயம் கிடையாது. கார் மட்டும்தான்.

"கம்பெனிக்காரன் நமக்கு வண்டியா விக்கான்? நம்பர விக்கான் வே," என்பார் அண்ணாச்சி. "ரூமுக்குள்ள வச்சு ஓட்டுதான். காத்து கிடையாது, மேடு கிடையாது, குறுக்க ஆடு வராது. அங்கன இருபத்தெட்டு குடுக்கும். செங்கோட்டை ரோட்டுல வந்து குடுக்கச் சொல்லும்."

"அதுக்குத்தான் ஹைபிரிட்டு," என்பார் பாய். "பிரேக் புடிச்சா பேட்டரிக்குப் போவுது. அந்தக் கரண்டுலயே நகருது. வீணாப் போறத எடுத்துக்கிடுது, அவ்வளவுதான்."

"பேட்டரி போச்சுன்னா? யாரு வந்து மாட்டுவா, ஜப்பான்காரனா? டீசல எதுக்கு நிறுத்துதாங்கன்னு நெனைக்கீரு? நம்ம நெஞ்சுல புகை போவுதேன்னு அழுதா? பேட்டரி விக்கதுக்கு வே! இன்னொருத்தன் பின்னால ஹைபிரிட்னு எழுத்து மட்டும் ஒட்டி விக்கான். உள்ள பாத்தா டார்ச்லைட்டு பேட்டரி. இதுல பெட்ரோல்ல எத்தனால் வேற. கரும்புச் சாறு குடிச்ச வண்டி எப்படி வே மைலேஜ் குடுக்கும்?"

எனக்கு அண்ணாச்சியின் சந்தேகம் பிடிக்கும். அது சத்தமாக, வெளிச்சத்தில் நின்று கேட்கும். என்னுடையது அப்படியல்ல. அது ஈரச் சுவரில் பாசி மாதிரி, பார்க்காத நேரத்தில் வளரும்.

அந்த ஆனி மாதம் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வண்டியக் குடுத்துறலாம்னு இருக்கேன்," என்றார்.

என் மனைவிக்கு அதற்கு முந்தின வருடம்தான் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. டிஸ்க் நழுவியிருந்தது. தேறி வந்த கையோடு, டீச்சரான அவளுக்குச் சுரண்டையில் ஒரு பள்ளிக்கு மாற்றல். பஸ்ஸில் நின்றுகொண்டு போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் எங்கள் காரை அவளே ஓட்டிப் போனாள். அதன் கிளட்ச் கல் மாதிரி. சாயங்காலம் வந்து இறங்கும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். கேட்காவிட்டால் முகம் சொல்லும்.

பாயின் ஹைபிரிட்டில் கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம். எங்கள் பக்கத்தில் பழைய வண்டியாக அப்படி ஒன்று விலைக்கு வருவது அபூர்வம். அதுவும் தெரிந்த கையிலிருந்து. எனக்குள் ஒருவன் உடனே சரி என்றான். இன்னொருவன், இவ்வளவு நல்ல வண்டியை ஒருவர் ஏன் விற்கிறார் என்றான்.

கேட்டேன். "சின்ன வண்டி போதும்னு தோணுது," என்றார் பாய். அடுத்த வாரம் வேறு மாதிரிக் கேட்டேன். "மவன் வேற எடுக்கச் சொல்லுதான்," என்றார். மூன்றாவது முறை கேட்டபோது சும்மா சிரித்தார். சிரிப்புக்கு மூன்று கழிக்கிற ஆள் நான். பேட்டரி சாகப் போகிறது, அது இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

"லிட்டருக்கு இருபத்திநாலுக்குக் குறையாது. பேட்டரி சரியில்லன்னா அது வராதுலா? அளந்து பாத்துட்டே எடும்," என்றார் பாய்.

எங்கள் மூவருக்கும் அளப்பதற்கு ஒரு முறை உண்டு. டேங்கை வாய் வரைக்கும் நிரப்புவது, ஓட்டுவது, அதே பெட்ரோல் பங்கில், அதே குழாயில், அதே இடத்தில் நிறுத்தி மறுபடி வாய் வரைக்கும் நிரப்புவது. இரண்டாவது முறை எவ்வளவு ஊற்றினோமோ அவ்வளவுதான் வண்டி குடித்தது. ஆனால் டேங்குக்குள் காற்றுக் குமிழ் நிற்கும். அதற்காக ஆளுக்கொரு பக்கம் நின்று காரை ஆட்ட வேண்டும். குமிழ் ஏறி வரும், பெட்ரோல் இறங்கும், இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். நரைத்த மூன்று பேர் நடு பங்கில் நின்று ஒரு காரைத் தொட்டில் மாதிரி ஆட்டுவதைப் பார்த்து, குழாய் பிடித்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணாச்சி, புள்ள தூங்கிட்டா?" என்றாள்.

"இன்னும் தூங்கலம்மா. நீ ஊத்து."

அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். காற்றில் சாரல் கலந்து வந்தது. அது விழுகிற மழையல்ல, மிதக்கிற மழை. சட்டையில் படுவது தெரியாது, வீடு போய்ப் பிழிந்தால் தெரியும். ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பூஜ்யமாக்கினோம். சனிக்கிழமை பாய் கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வருவார். ஞாயிறு காலை என் மனைவியே சுரண்டை வரை ஓட்டிப் பார்ப்பாள், நாங்களும் கூடப் போவோம். திரும்பி வந்து நிரப்புவோம். போகும்போது காற்று முதுகைத் தள்ளும், வரும்போது நெஞ்சில் அடிக்கும், அதனால் இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு என்று அண்ணாச்சி சட்டம் போட்டார்.

இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. என் மனம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி ஒரு பகல் முழுக்க பாயிடம் இருக்கும். ஒரே ஒரு லிட்டர், பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினால் போதும், பத்தொன்பது இருபத்திநாலாகிவிடும்.

அவர்கள் இருவரும் டீ வாங்கப் போனபோது, பையிலிருந்து டேப்பை எடுத்தேன். நோட்டுப் புத்தகம் கிழிந்தால் ஒட்டுகிற, கண்ணாடி மாதிரி டேப். நகத்தளவு கிழித்து, பெட்ரோல் மூடியின் விளிம்பும் காரின் உடம்பும் சேருகிற கோட்டின்மேல் ஒட்டினேன். கட்டைவிரலால் தேய்த்தேன். திறந்தால் பிய்ந்துவிடும். எனக்கு வெட்கமாக இருந்தது என்று இப்போது எழுதலாம். அப்போது இருக்கவில்லை. கைகள் மிகக் கச்சிதமாக வேலை செய்தன.

ஞாயிறு காலை பாய் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினார். துடைத்துப் பளபளவென்று இருந்தது. "ஏறுமா தங்கச்சி," என்று என் மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். நான் மறுபக்கம் போய் மூடியைப் பார்த்தேன்.

டேப் இல்லை.

குனிந்து, விரலால் தடவியும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்த நிமிடம் எனக்குள் எழுந்தது வருத்தமல்ல. அது சந்தோஷம். நான் நினைத்தது சரி என்கிற, மட்டமான, சூடான சந்தோஷம். பின் ஸீட்டில் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

அவள் ஓட்டினாள். முதல் வேகத்தடையில் தோள்களை இறுக்கிக்கொண்டாள், பழக்கம். இரண்டாவதில் இறுக்கவில்லை. ஊரைத் தாண்டியதும் இடது காலை நீட்டி வைத்துக்கொண்டாள், வேலையில்லாத கால். "ஒண்ணுமே செய்யாண்டாமா அண்ணே?" என்றாள். "சும்மா இரும்மா, அது பாத்துக்கிடும்," என்றார் பாய். வயல்களுக்குப் பின்னால் காற்றாலைகள் வேகமாகச் சுற்றின. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் கார் ஓட்டிக்கொண்டே சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, பின் ஸீட்டில், குற்றச்சாட்டுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, அதே குழாய். நிரப்பினோம், ஆட்டினோம், மறுபடி நிரப்பினோம். தொண்ணூற்றாறு கிலோமீட்டருக்கு நான்கு லிட்டருக்குச் சற்றே குறைவு. அண்ணாச்சி போனில் வகுத்துப் பார்த்தார்.

"இருபத்திநாலரை! பாய், ஒம்ம வண்டி உத்தமி வே."

"உத்தமியான்னு பாயிட்டக் கேளுங்க," என்றேன். "வெள்ளிக்கிழமை மூடியில நான் டேப் ஒட்டியிருந்தேன். இன்னைக்கு இல்ல. மூடியத் திறக்காம டேப் எங்க போச்சு?"

குழாய் பிடித்த பெண் கூடத் திரும்பிப் பார்த்தாள். என் மனைவி இன்னும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாய் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார், தொலைத்த சாவியை யோசிப்பது போல.

"அது டேப்பா?" என்றார். "காலையில தொடைக்கும்போது பாத்தேன். ஓரம் தூக்கிக்கிட்டு ஆடிச்சு. என்னமோ அழுக்கு ஒட்டியிருக்குன்னு நகத்தால பிச்சுப் போட்டேன். தங்கச்சி ஏறுத வண்டியாச்சேன்னு..."

"சாரல்ல டேப் ஒட்டுதான் பாரு!" என்றார் அண்ணாச்சி. வழக்கமான கிண்டல்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை. "இந்த ஊர்ல பொறந்தவன் செய்யுத வேலையா வே இது? சீசன்ல சுவத்துல போஸ்டரே நிக்காது. இவரு டேப் ஒட்டிக் களவு புடிக்காரு."

உண்மைதான். ஆனி ஆடியில் இந்த ஊரில் எதுவும் ஒட்டி நிற்காது. நாற்பத்தெட்டு வருடம் இந்தச் சாரலில் நனைந்தவன், அதை ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தால் ஒட்டியிருக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியாது.

"அப்ப ஏன் விக்கீரு? அதச் சொல்லும்," என்றேன். தோற்ற பிறகும் விடாத குரல்.

பாய் அண்ணாச்சியை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"போன சீசன்ல ஐந்தருவி போற ரோடு. ஒரே கூட்டம். நடக்குத வேகத்துலதான் போறேன், பேட்டரியில ஓடுது. சத்தமே கெடையாது. முன்னால ஒரு பெரியவரு, தலையெல்லாம் எண்ணெய், தோள்ல துண்டு. குளிக்கப் போற மனுசன எதுக்கு ஹாரன் அடிச்சு மெரட்டன்னு பின்னாலயே போனேன். அவரு சட்டுன்னு ஒதுங்க, சைடு கண்ணாடி தட்டி ஓடைக்குள்ள விழுந்துட்டாரு. அடி ஒண்ணும் இல்ல. எந்திரிச்சு, வண்டி வந்ததே தெரியலையேன்னு சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல. அதுல இருந்து இஞ்சின் நின்னு சத்தம் அடங்கிச்சுன்னா கால் நடுங்குது. பதினாறு வருசம் டாக்ஸி ஓட்டின கால். இத இவங்ககிட்ட எப்படிச் சொல்ல? வண்டிய எடுத்த பொறவு ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தேம்மா. கூட்டத்துக்குள்ள லேசா ஹாரன் தட்டிக்கிட்டே போவணும்னு."

மூடிக்கொண்டார். பாய் வண்டிக்குச் சத்தமே இல்லாததைப் பற்றி அண்ணாச்சி அதுவரை நூறு ஜோக் சொல்லியிருப்பார். அன்று ஒன்றும் அகப்படவில்லை.

"பாய்," என்றேன். "தப்புதான். வண்டிய நானே எடுத்துக்கிடுதேன்."

"இல்ல வே." குரல் மிருதுவாகத்தான் இருந்தது. "ஒமக்குத் தர மாட்டேன். நாலு வருசம் கழிச்சு பேட்டரி போவும். என்னைக்கு இருந்தாலும் போவும். அன்னைக்கு நீரு என்ன நெனைப்பீரு? பாய் தெரிஞ்சேதான் தலையில கட்டிட்டான்னு நெனைப்பீரு. இப்ப இல்லன்னு சொல்லுவீரு. ஆனா நெனைப்பீரு. எனக்கு அது வேண்டாம்."

அவர் சொன்னதில் கழிப்பதற்கு எதுவும் இல்லை. என்னை அளந்திருந்தார், டேங்கை ஆட்டாமலே.

என் மனைவி இறங்கினாள். சாவியை அவர் கையில் கொடுத்தாள். "மன்னிச்சிருங்கண்ணே," என்றாள். அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை. நான் தப்புதான் என்று மட்டுமே சொல்லியிருந்தேன்.

அந்த வாரமே இலத்தூர்க்காரர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டார். எத்தனை கொடுக்கும் என்றுகூடக் கேட்கவில்லையாம். அண்ணாச்சிதான் சொன்னார். உடனே, அந்த இலத்தூர்க்காரருக்கும் பாய்க்கும் முன்பே பேச்சு இருந்திருக்குமோ என்று எனக்குள் ஒன்று தலைதூக்கியது. அதை அங்கேயே அமுக்கினேன். அமுக்கினேன் என்றுதான் சொல்ல முடியும்.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் பங்கிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் எங்கள் கார் சாரலில் நனைந்து நின்றது. அவள் உள்ளே போகவில்லை. மறுநாள் பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டிய நோட்டுக் கட்டு தோழி ஒருத்தி வீட்டில் இருக்கிறது, வாங்கி வந்துவிடுகிறேன் என்று டிரைவர் கதவைத் திறந்தாள்.

"நான் ஓட்டுதேன், நீ உக்காரு," என்றேன்.

"நாளைக்கு சொரண்டைக்கு நீங்களா வரப் போறீய?" என்று கேட்டுவிட்டு, ஸீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்து கிளட்சை மிதித்தாள்.