சுவரில் வந்தவள்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் செங்கோட்டுவேல் வெல்டர். வெட்டி மிஞ்சிய தகரங்களை வீட்டில் வைத்து ஒன்றோடொன்று பற்றவைப்பார். பார்த்தால் வெறும் தகரக் குவியல்தான். பழைய லாரி ஹெட்லைட்டை அதன்மேல் எரியவிட்டால், சுவரில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் நிழலாக எழும். மனைவி கலைமணிக்கு வயிறு எரிந்தது.

“ஏனுங்க, யாரு இவ?”

“யாருமில்ல புள்ள. வெளிச்சம் பட்டா வருவா, அணைச்சாப் போயிருவா.”

“போறவளுக்குத்தான் பொழுது சாஞ்சா லைட்டப் போட்டுட்டு உக்காந்துக்கறீங்களாக்கும்!”

தன்னை ஒருநாளாவது அவர் அப்படிப் பார்த்ததுண்டா? கலைமணி ஏங்கி ஏங்கி அழுதாள். மறுநாள் மாலை அவர் கடைக்குப் போனதும் லைட்டைப் போட்டு, சுவரில் எழுந்தவளின் மூக்கை உடைத்துவிடும் ஆத்திரத்தில் ஒரு தகரத்தைக் குறடால் முறுக்கினாள். மூக்கு உடையவில்லை. முறுக்கிய இடுக்கில் வெளிச்சம் புகுந்தது. நிழலுக்குக் கண் திறந்துகொண்டது. உயிர் வந்தவள்போல் கலைமணியையே பார்த்தாள்!

திரும்பி வந்தவர் சுவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “இவளுக்குக் கண்ணு வெக்கத் தெரியாமத் தவிச்சேனே! எப்படிச் செஞ்ச புள்ள?”

பாராட்டும்போதும் சுவரில் இருப்பவளைத்தான் பார்க்கிறார். கலைமணி லைட்டை அணைத்தாள்.

“சொல்றேன். மொதல்ல என் மூஞ்சியப் பாருங்க.”

“இருட்டுலயா?”

“ஆமாங்க, இருட்டுலதான். நான் அணைச்சாலும் போகாதவ.”