பூக்கட்டிப் பார்த்த நாலாம் பாரம்

இத்தனை வயதாகியும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நாலாம் பாரத்தில், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பில், நான் எந்தப் பிரிவு படிப்பது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்த லட்சணத்தைக் கேளுங்கள். கையெழுத்துப் போட அப்பா, தீர்ப்புச் சொல்ல அம்மன், பொட்டலம் எடுக்க நாலு வயதுத் தம்பி. படிக்கப் போகிறவளை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரெல்லாம் கூடி மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் பெண்ணுக்குக் கடைசியில் தகவல் சொன்ன கதைதான்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் பாரம் முடித்த பெண்களிடம் பள்ளிக்கூடத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் கணக்கும் விஞ்ஞானமும். மறுபக்கம் தையலும் வீட்டு நிர்வாகமும். ஒன்றில் குறி போட்டு, அப்பா கையெழுத்தோடு திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதும் டாலி கிளார்க். ராயபுரத்தில் எங்கள் தெருவில் நாலெழுத்து படித்தவர் அவர் ஒருவர்தான். அதனால் ஹைஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் தாளைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வரும். எதை எடுத்தால் எங்கே போகலாம், எந்தப் புத்தகம் பழசாகக் கிடைக்கும், எந்த டீச்சர் முட்டியில் அடிப்பார், எல்லாம் சொல்லி அனுப்புவார். என் தாளைப் பார்த்ததும் அப்பாவிடம் போனார்.

“கணக்கு எடுத்தா காலேஜுக்குப் போலாம் மச்சான். தையலு எடுத்தா இத்தோட கதவு சாத்திக்கும்.”

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுபவர். இரும்புச் சத்தத்திலேயே வேலை செய்து, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்.

“பொட்டப் புள்ள காலேஜு போயி இன்னா, கப்பலு ஓட்டப் போவுதா? ஒரு மிசினு வாங்கிக் குடுத்தா தச்சிக்கினு வூட்டோட கெடக்கும். நீ மூட்டய எண்ணுடா, எம் பொண்ண எண்ணாத.”

மூன்று நாள் இதே சண்டை. எனக்கோ கணக்குதான் வேண்டும். மாமா காட்டிய அல்ஜீப்ராப் புத்தகத்தில், ஒரு எழுத்து தன் எண்ணை ஒளித்துவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இதை யாரிடம் சொல்வது?

இந்த மூன்று நாளில் அம்மா வாயைத் திறந்தது ஒரே ஒரு முறை. மீன் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “ஆத்தா கையில வுட்ருங்க. பூ கட்டிப் பாத்துட்லாம்.”

சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். சிவப்பு வந்தால் கணக்கு, வெள்ளை வந்தால் தையல் என்று பேச்சாயிற்று. அதில் கள்ளம் செய்தால் வீட்டில் அம்மை வார்க்கும் என்று எல்லாரும் நம்பினோம். எல்லாரையும்விட அதிகமாக நம்பியவள் அம்மா. எனக்கு மூத்த பெண்ணை அம்மைக்குப் பறிகொடுத்தவள் அவள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் தம்பி ஒரு பொட்டலத்தை எடுத்தான். பிரித்தால் சிவப்பு. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, “ஆத்தாவே சொல்ட்டா. அப்பால நான் யாரு?” என்றார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன். தோற்றுப்போன வெள்ளைப் பூவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. மற்றப் பொட்டலத்தையும் பிரித்தேன். அதற்குள்ளும் சிவப்பு!

“ரெண்டுமே செவப்புப்பா! யாரோ ஏமாத்திக்கீறாங்க!”

கோயிலே திரும்பிப் பார்த்தது. தம்பிக்கு அம்மை வந்துவிடுமே என்று எனக்கு அழுகை வேறு.

“எவன்டா கட்னது?” என்றார் அப்பா.

மாமா முன்னால் வந்தார். “நாந்தான் மச்சான்.”

அப்பா அத்தனை பேர் எதிரில் அவரை அறைந்தார். “சாமிகிட்டயே கள்ளக் கணக்கு காட்றியா நீ?” மறுபடி பூ வாங்கி, அப்பாவே கட்டினார். தம்பி எடுத்தான். வெள்ளை.

மாமாவோடு பேச்சை நிறுத்தினேன். எனக்காகச் செய்தார் என்பது புரியாமல் இல்லை. ஆனாலும் ஏமாற்று ஏமாற்றுதானே! இரண்டு வருஷம் அவர் கொடுத்த மிட்டாயைக்கூடத் தொடவில்லை. அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல வருஷம் கழித்து, அம்மா போன பதினாறாம் நாள்தான் சொன்னார்: “பூ வாங்கியாந்ததோட சரி நானு. கட்னது உங்கம்மா.”

அன்றைக்கு வந்த ஆத்திரத்தை யார் தலையில் கொட்டுவது? பெற்ற மகள் எதைப் படிக்கட்டும் என்று ஒரு தாய் சொல்வதற்கு, தான் நடுங்கிக் கும்பிடும் சாமியையே ஏமாற்றுவதைத் தவிர வேறு வழி வைக்காத வீடு என்ன வீடு? ஒரு பிள்ளையை வாரிக்கொடுத்தவள், இன்னொன்றின் படிப்புக்காக அந்த அம்மனிடமே துணிந்திருக்கிறாள். அதை ஊரறியப் போட்டு உடைத்தது நான்.

இதைவிட மோசமான ஒரு காரியமும் செய்தேன். தாளைக் கொடுக்க வேண்டிய அந்தத் திங்கட்கிழமை அம்மாதான் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். டீச்சர் தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

“தையலா? யாரும்மா இப்படிச் சொன்னது? மாத்தணும்னா இன்னிக்கே மாத்திக்கலாம்” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“ஆத்தா சொன்னது டீச்சர். ரெண்டாவது வாட்டி யாரும் கள்ளம் பண்ணல.”

அம்மா வாயை மூடிக்கொண்டாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் பேசத் தெரியாத பெண்ணைப் பெற்ற பெருமையில் பார்க்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.