ஞானசேகரம் ஊதிய கலியாணங்கள்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு காலத்தில் மூன்று பேர் இல்லாமல் தமிழ்க் கலியாணம் நடக்காது. ஐயர், வீடியோ சிறீதரன், சாக்ஸ் ஞானசேகரம். ஐயருக்குத் தட்சணை, சிறீதரனுக்கு முதல் பந்தியில் சாப்பாடு. சாக்ஸபோன் ஊதுகிற ஞானசேகரத்துக்கு, "அண்ணை, கொஞ்சம் மெதுவா ஊதுங்கோ, மைக்கிலை மொய் தந்தவையின்ரை பேர் வாசிக்கினம்" என்ற உபசாரம்.

அப்படிப்பட்டவர் ஜெர்மன் தொலைக்காட்சி ஆவணப்படமொன்றில் வரப்போகிறார் என்றதும் சனத்தில் பாதி நம்பவில்லை. மற்றப் பாதி, தங்கள் கலியாணமும் அதில் வருமா என்று விசாரித்தது.

படம் உண்மையில் ஊவே என்பவனைப் பற்றியது. ஜாஸும் ரிதம் அண்ட் புளூஸும் கேட்கிற ஜெர்மன்காரர்களுக்கு ஊவேயின் சாக்ஸபோனைத் தெரியும். முக்கியமாக அவன் பாட்டை முடிக்கிற விதம் தெரியும். கடைசிச் சுரத்தில் போய் நிற்காமல் மெல்ல அதற்குக் கீழே சறுக்கி, அழுது ஓய்ந்த பிள்ளை விசும்புவதுபோல ஒரு நடுக்கத்தோடு விட்டுவிடுவான். இப்போது நாடெங்கும் இளசுகள் அப்படித்தான் முடிக்கிறார்கள். அறுபத்தைந்தாவது பிறந்தநாள் பேட்டியில் ஊவே, "அது என்னுடையது இல்லை, கெல்சென்கிர்ச்சனில் ஒரு தமிழனிடமிருந்து எடுத்தது" என்று சொல்லிவிட்டான். நல்ல மனிதன்தான். அதைச் சொல்ல ஒரு ஆயுள் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அந்தத் தமிழன் கொழும்பில் ஒரு ஹோட்டலின் பாண்ட் வாத்தியக் குழுவில் ஊதிக்கொண்டிருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் ஹோட்டலும் எரிந்து வேலையும் போக, கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் உடுப்பு குறைவு. இடுப்பில் கட்டுகிற சாரத்தில் சுற்றிய சாக்ஸபோன்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அப்போது ஊவே நிலக்கரிச் சுரங்கத்தில் மின்வேலைக்காரன், மாலையில் மூலை மதுச்சாலையில் பாண்ட் நடத்துவான். ஞானசேகரம் ஒருநாள் போய் அவர்களோடு நின்று ஊதினார். கொஞ்ச நாளில் சனம் அவருக்காகவே வரத் தொடங்கியது.

கொலோனில் இசைத்தட்டுப் பதிவுக்கு நாள் குறித்தபோதுதான் வில்லங்கம் வந்தது. அகதி விண்ணப்பம் முடியாதவன் தன் நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஞானசேகரம் அரசாங்கக் கந்தோரில் போய் நின்று அனுமதி கேட்டார். சாக்ஸபோன் ஊதுவது அவசியமான காரணம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"பயப்படாதே, நீ வாசிப்பதுபோலவே நான் வாசித்துவிடுகிறேன்" என்றான் ஊவே.

சொன்னபடியே செய்தான். அதுதான் கொடுமை. அந்த ஒரு தட்டு அவனை ஹம்பர்க்குக்கும் பெரிய மேடைகளுக்கும் கொண்டுபோனது. ஞானசேகரம் ஒரு உணவகத்தின் சமையலறைக்கு வேலைக்குப் போனார். சனி ஞாயிறுகளில் கலியாண மண்டபங்களில் பொம்பிளை மாப்பிள்ளையை ஊதி உள்ளே அழைத்தார். சாப்பாட்டு வரிசை நீளும்போது யாரும் கேளாமலே தன் புளூஸை ஊதினார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் விடாமல் ஊதினார்.

படம் எடுக்கிற சில்கே வீட்டுக்கே வந்து கேட்டாள்: "நீங்கள் வாசித்த பதிவு ஏதாவது இருக்கிறதா? இரண்டு நிமிடம் போதும். சனம் ஒருமுறை மூலத்தைக் கேட்கட்டும்."

இப்போது ஊதிக் காட்ட அவரால் ஏலாது. பக்கவாதம் வந்ததிலிருந்து உதடு வலப்பக்கம் தொங்கிப்போய்விட்டது. தேத்தண்ணி குடித்தாலே வாயோரம் வழிகிறது. ஆனாலும் ஞானசேகரம் சிரித்தார். பதிவுக்கா பஞ்சம்? சுற்றியுள்ள ரூர் பகுதியில் நடந்த கலியாணம் அத்தனையும் வீடியோவாகக் கிடக்கிறதே. கொலோனுக்குப் போகமுடியாத வயிற்றெரிச்சல் இனியாவது அடங்கும் என்று அன்றிரவு பிள்ளைபோல் தூங்கினார்.

முதலில், அவர் ஊதி மணவறைக்கு அழைத்த குமுதினி வீட்டுக்குப் போனார். குமுதினி பலகாரத் தட்டை வைத்து, தன் கலியாண வீடியோவைப் போட்டாள். அந்தா, ஞானசேகரம் கோட்டுப் போட்டுக்கொண்டு கன்னம் உப்ப ஊதுகிறார். சாக்ஸபோனிலிருந்து ஒரு சினிமாப் பாடகியின் குரல் வருகிறது. பின்னால் நூறு வயலின்.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, பஸ் ஏறிப் பீலெஃபெல்ட் நகரம் வரை. எல்லா வீட்டிலும் அவர் உயிரைக் கொடுத்து ஊதினார், எல்லா வீட்டிலும் சினிமாப் பாட்டு வந்தது. அவர் அதுவரை ஒருவர் வீட்டு வீடியோவையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அடுத்தவர் கலியாணத்தை யார்தான் பார்க்கிறார்கள்?

சிறீதரனிடம் போனார்.

"வீடியோ எண்டால் பாட்டுப் போடத்தானே வேணும் அண்ணை. மண்டபத்துச் சத்தத்தை விட்டால் பிள்ளையள் அழுறதும் கரண்டிச் சத்தமும்தான் கேக்கும்" என்றார் சிறீதரன்.

"நான் ஊதினது?"

"அதுவும் அதுக்குள்ளைதானே அண்ணை."

"முதல் எடுத்த கசெற்றுகள் எங்கை?"

"அதுகளுக்கு மேலை அடுத்தடுத்த கலியாணம் எடுத்தாச்சு."

ஓங்கி ஒன்று விட்டால் என்ன என்று ஞானசேகரத்துக்கு இருந்தது. கை தூக்க வரவில்லை.

ஒரே ஒரு கலியாணம் மிச்சம் இருந்தது. மகள் கிருசாந்தியுடையது. அதில் தான் ஊதிய இடத்தை மட்டும் தொடவேண்டாம் என்று சிறீதரனைக் கெஞ்சிக் கேட்டிருந்தார். ஆனால் வீடியோ வந்து சேர்ந்தபோது மகளும் மருமகனும் பிரிந்துபோயிருந்தார்கள். உறையைக்கூட யாரும் திறக்கவில்லை. அதைத் தேடி ஹனோவருக்குப் போனார். கிருசாந்தி நிலவறைக்குள் போய் நெடுநேரம் கழித்து எடுத்துவந்தாள்.

"கொண்டுபோய் வீட்டிலை பாருங்கோ அப்பா. எனக்கு முன்னாலை போடாதேங்கோ" என்றாள்.

பெற்ற மகளின் புண்ணைக் கிளறியாவது அந்த இரண்டு நிமிடத்தை எடுக்கத் துணிந்த தன்னை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் கொண்டுவந்தார். போட்டார். சினிமாப் பாட்டு.

தொலைபேசியில் சிறீதரன் சத்தியம் பண்ணினார். "நானாய் மாத்தேல்லை அண்ணை. உங்கடை வீட்டு அக்காதான் மாத்தச் சொன்னவ."

மனைவி கமலநாயகி மறுக்கவில்லை. "ஓம், நான்தான் சொன்னனான். சம்பந்தி வீட்டார் பாக்கிற வீடியோ. கள்ளுக்கடை ஊதல் எண்டு நினைக்கமாட்டினமே? நல்ல பாட்டாய்ப் போடச் சொன்னன். அதிலை என்ன பிழை?"

முப்பத்தைந்து வருடமாக ஒரே கூரையின் கீழ் அந்த ஊதலைக் கேட்டவள் அவள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ஞானசேகரம் அன்று சாப்பிடவில்லை.

சில்கேயிடம் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னார். அவள் அசரவில்லை. "வீடியோவை அனுப்புங்கள். படம் அழகாக இருந்தால் போதும், ஒலியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள். இந்தக் காலத்துக் கணினியில் என்னதான் செய்யமுடியாது? பாட்டுக்கு அடியில் தன் ஊதல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று ஞானசேகரம் நம்பினார். நம்பிக்கொண்டே ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தது. கமலநாயகி வடை சுட்டு, நல்ல சேலை உடுத்தி வந்து பக்கத்தில் இருந்தாள். பாதிப் படத்தில் மகளின் கலியாண மண்டபம் விரிந்தது. ஞானசேகரம் கன்னம் உப்ப ஊதினார். இம்முறை சாக்ஸபோனிலிருந்து சாக்ஸபோன் சத்தமே வந்தது. அவருடைய புளூஸ். அவருடைய சறுக்கல். அவர் தொலைக்காட்சிப் பக்கம் குனிந்தார்.

பாட்டு முடிவுக்கு வந்தது. கடைசிச் சுரத்துக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு கேட்டது.

ஞானசேகரம் அந்த இடத்தில் ஒருநாளும் மூச்சு எடுத்ததில்லை. எடுக்கிறவன் ஊவே. மதுச்சாலைக் காலத்திலேயே அந்த மூச்சுக்காக அவனைக் கேலி பண்ணியிருக்கிறார். படத்துக்காகத் திரும்ப வாசித்துக் கொடுத்திருக்கிறான், அவர் வாசிப்பதுபோலவே.

கமலநாயகி கண்ணைத் துடைத்தாள். "இஞ்சை பாருங்கோ, அண்டைக்கு எவ்வளவு வடிவா ஊதியிருக்கிறியள்! நான்தான் விசரி, இதையே மாத்தச் சொன்னனான்?"

"அது நான் இல்லையப்பா" என்றார் ஞானசேகரம்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. உங்கடை முகமெல்லே தெரியுது."

முகம் தெரியத்தான் செய்தது.