வலது கைமேல் உட்காருங்கள்

முதலில் டீச்சர் கதவைச் சாத்துவார். அப்புறம் வராந்தாப் பக்கத்து ஜன்னல். அதன் கொக்கி தேய்ந்துபோய்விட்டதால் சாக்பீஸ் துண்டு ஒன்றைச் செருகி இறுக்குவார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பி, "எல்லாரும் வலது கைமேல உக்காருங்க" என்பார். நாற்பத்தொரு பிள்ளைகளும் வலது கையைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொள்ளும்போது கிளுகிளுவென்று ஒரு சிரிப்பு கிளம்பும். "சிரிக்கிறதெல்லாம் இப்பவே சிரிச்சு முடிங்க. இனிமே வரப்போறது சிரிக்கிற விஷயமில்ல" என்பார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நான் கணக்கு வாத்தியார். என் பிள்ளைகள் கண்ணைக் கரும்பலகைக்கும் காதை அந்தப் பலகைக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அதட்டிவிட்டு நானும் அதையேதான் செய்வேன்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கதவு டீச்சர்'. சமூக அறிவியல் புத்தகத்தில் உரிமைகள் பற்றிய பாடம் பதினோரு பக்கம். மற்றவர்கள் முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போடச் சொல்லி ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். இவருக்கு மூன்று வாரம் ஆகும். பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில், வெளியே கேட்க முடியாத கேள்வியை இடது கையால் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் 'ஒன்றுமில்லை' என்றாவது எழுத வேண்டும். இடது கையால் எழுதினால் எல்லாம் ஒரே மாதிரி கோணல்மாணலாக இருக்கும், யார் எழுதியது என்று தெரியாது. இது அவரே கண்டுபிடித்த ஏற்பாடு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எங்க வீட்ல வேலை செய்யுற பொண்ணுக்கு என் வயசுதான். அவ ஏன் இந்த கிளாஸ்ல இல்ல?" "அப்பா அம்மாவ அடிக்கிறாரு. சட்டம் வீட்டுக்குள்ள வருமா?" இப்படி வரும் சீட்டுகளைக் குரல் ஏற்றாமல், இறக்காமல் படிப்பார். பிறகு விவாதம். அதிலும் ஒரு குறும்பு வைத்திருப்பார். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை முதலாளி பக்கம் பேச வேண்டும், மேலதிகாரி வீட்டுப் பிள்ளை கூலிக்காரர் பக்கம் பேச வேண்டும். "அவங்கவங்க பக்கம் பேசறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? அத வீட்லயே பேசிக்கலாமே" என்பார். விவாதம் முடிந்ததும் சீட்டுகளை வகுப்பின் பின்சுவரில் கட்டிய நூலில் துணி கிளிப்பால் மாட்டுவார். ஒரு வாரம் அவை அங்கே தொங்கும்.

ஐம்பத்து மூன்று வயது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுவார். கண்ணாடிக் கூட்டில் அதற்குப் பதில் சாக்பீஸ் இருக்கும். வெந்நீரை பாட்டில் மூடியில் ஊற்றி மருந்து மாதிரி குடிப்பார். வீட்டில் ஒரு பக்கம் செயலிழந்து படுத்திருக்கும் கணவரும், கல்யாணமாகிப் போய்த் திரும்பி வந்துவிட்ட மகளும். மூன்று பேருக்கும் இவர் வேலைதான் ஆதாரம். இதைத் தெரிந்துகொண்டே, "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வம்பு?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "வம்பு வெளியில நடக்குது சார். நான் கதவ சாத்திட்டுப் பேசறேன், அவ்வளவுதான்" என்பார்.

இந்த வருடம் ஒரு சீட்டு வந்தது. பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"எங்க அக்கா வேலை செய்யுற தையல் கம்பெனியில பாத்ரூம் போக டோக்கன் வாங்கணும். ஒரு நாளைக்கு ரெண்டுதான். மாசத்துல அந்த நாள்லயும் ரெண்டுதான். இது உரிமைப் பிரச்சனையா, இல்ல எங்க அக்கா பிரச்சனையா?"

என் வகுப்பில் ஒரு பென்சில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ஊரில் இருப்பது ஒரே தையல் கம்பெனி. பள்ளியின் பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர்கள் கொடுத்தவை. எப்போதும்போல விவாதம் நடந்தது, சீட்டு பின்சுவருக்குப் போனது. அங்கேதான் வினை. நாற்பது சீட்டில் எழுத்துகள் தள்ளாடிக்கொண்டு நின்றன. ஒன்றில் மட்டும் அச்சடித்தது போல நேராக இருந்தன. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காரும் பெண்ணுக்கு இடது கைதான் எழுதும் கை. டீச்சர் இடது கையால் எழுதச் சொன்னார், அவளும் எழுதினாள். பிள்ளைகளின் கண்ணுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. வகுப்பில் கம்பெனி சூப்பர்வைசரின் மகளும் இருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் நடந்ததை வீட்டில் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள், எல்லாப் பிள்ளைகளையும் போல.

இரண்டாம் நாள் காலை கம்பெனி வாசலிலேயே அக்காவை நிறுத்தி, "உன் தங்கச்சிக்குக் கையெழுத்து ரொம்ப அழகாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அப்புறம் உள்ளே விடவில்லை. எழுதியது பொய் என்று தங்கை வகுப்பில் எழுந்து நின்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்குமாம். தங்கை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அந்த அக்கா டீச்சரைப் பார்க்க வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. "அவ கையெழுத்துப் போட்டுடுவா டீச்சர். எனக்கு வேலை வேணும். ஆனா போட்டா அவ பொய்க்காரின்னு ஆயிடும் இல்ல? இது நிஜம் டீச்சர்" என்று பையிலிருந்து பச்சை நிற பிளாஸ்டிக் வில்லை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்த டோக்கன்தான், மேலே எண் பொறித்திருந்தது. டீச்சர் அதைத் தொடவில்லை. "அவ இடது கைக்காரின்னு எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்மா. தெரிஞ்சும் யோசிக்காம விட்டுட்டேன். அவள எதுலயும் கையெழுத்துப் போட விடாத. எனக்கு நாலு நாள் குடு" என்றார்.

அந்த நான்கு நாளும் பள்ளி விட்ட பிறகு என் வகுப்புக் கரும்பலகையில் இடது கையால் எழுதினார். சீட்டில் இருந்த அதே நான்கு வரிதான். எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். முதல் நாள் எழுத்தெல்லாம் சாய்ந்து விழுந்தது. நான்காம் நாள் ஓரளவு நிமிர்ந்து நின்றது.

"வேற ஏதாவது எழுதச் சொன்னா என்ன டீச்சர் பண்ணுவீங்க?"

"சொல்லிடக் கூடாதுன்னு வேண்டிக்குங்க சார்."

"வேலை போயிடும்."

"போகும்" என்று சொல்லி அழிப்பானை எடுத்தார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அதைவிட என்மேல் வந்தது.

ஐந்தாம் நாள், கம்பெனி கொடுத்த புகாரின் பேரில் தலைமையாசிரியர் அறையில் விசாரணை. கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஆசிரியர்கள் சார்பில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். யாரையும் எதிர்த்துப் பேசாதவன் என்பதுதான் என் தகுதி.

"அத எழுதினது நான்தான்" என்றார் டீச்சர். "பிள்ளைங்களப் பேச வைக்க நானும் ஒண்ணு ரெண்டு சீட்டு எழுதிப் போடுவேன்."

அதிகாரி சிரித்தார். "அப்ப டோக்கன் விஷயம் நீங்களா கட்டின கதை?"

"இல்ல. எழுதினது நான், விஷயம் நிஜம். உங்க ஆளுங்க வர்ற பஸ்லதான் நானும் தினம் வர்றேன்."

"டீச்சர், பிள்ளைங்க உக்காந்திருக்கற பெஞ்சே அவங்க குடுத்தது" என்று தலைமையாசிரியர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை மேசையில் தள்ளினார். "இவ்வளவு அழகா இடது கையால எழுதுவீங்களா? எழுதிக் காட்டுங்க, பாக்கலாம்."

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க ஏதாவது சொல்லுங்க. அவங்க எழுதட்டும்."

ஏதாவது. தண்ணீர் கேட்டுக் குடித்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா வேலை செய்யுற தையல் கம்பெனியில..." என்று ஆரம்பித்தேன்.

அதிகாரி வெடுக்கென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டீச்சர் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, பேனாவை இடது கைக்கு மாற்றினார். பிறகு வலது கையை மெல்லத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.